கோல்ஃப் ஸ்கோர் கார்டு: பார், நெட், ஸ்டேபிள்ஃபோர்டு, அபராத அடி எல்லாம் எப்படிக் கணக்குப் போடுவது?

மழைச்சாரல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அலுவலக கோல்ஃப் போட்டியில் ஸ்கோர் கணக்குப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. டிவியில் ஆட்டம் பார்ப்பேன். பேர்டி நல்லது, போகி சரியில்லை என்ற அளவுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாமல் கார்டுகளைக் கையில் வாங்கக் கூடாது என்பதால் கேட்கிறேன்.

ஒரு ஹோலின் பார் 3, 4, 5 என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ஒரே அடியில் பந்து குழிக்குள் போனால் அது ஈகிளா, ஆல்பட்ராஸா? டிவி பலகையில் வரும் −15, டி4, இ, எஃப் எல்லாம் என்ன?

மாதிரிக்கு ஒரு கார்டு தந்திருக்கிறார்கள். ஆட்டக்காரரின் இன்டெக்ஸ் 22.4, ஆனால் கார்டின் மேலே ஹேண்டிகேப் 23 என்று இருக்கிறது. மைதானத்தின் கோர்ஸ் ரேட்டிங் 71.2, ஸ்லோப் 125, மொத்த பார் 72. முதல் ஐந்து ஹோல்கள் இப்படி:

ஹோல் 1: பார் 4, ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் 7, எடுத்தது 5
ஹோல் 2: பார் 5, ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் 3, எடுத்தது 8
ஹோல் 3: பார் 3, ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் 17, எடுத்தது 3
ஹோல் 4: பார் 4, ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் 1, எடுத்தது 9
ஹோல் 5: பார் 4, ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் 11, எடுத்தது 6

இதற்கு ஸ்டேபிள்ஃபோர்டு புள்ளி 7 என்று போட்டிருக்கிறது. எப்படி வந்தது என்று புரியவில்லை. பந்து தண்ணீரில் விழுந்தால், தொலைந்தால் எத்தனை அடி சேர்ப்பது என்பதையும் யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

பச்சைப்பரப்பு

எத்தனை அடி என்பதை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முடியாது, அந்த ஹோலின் பார் தெரிய வேண்டும். 4 அடியில் முடித்தால் பார் 3 ஹோலில் அது போகி, பார் 4 ஹோலில் பார், பார் 5 ஹோலில் பேர்டி.

பார் என்பது தேர்ந்த ஆட்டக்காரர் அந்த ஹோலை முடிக்க எடுக்க வேண்டிய அடிகள். அதில் கிரீன் (குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரை) மேல் உருட்டும் பட் இரண்டு எப்போதும் அடக்கம். ஆகவே பார் 3 என்றால் முதல் அடியிலேயே பந்து கிரீனுக்கு வர வேண்டும், பார் 4 என்றால் இரண்டாவதில், பார் 5 என்றால் மூன்றாவதில். அப்படி வந்துவிட்டால் ‘கிரீன் இன் ரெகுலேஷன்’ என்பார்கள். டிவி புள்ளிவிவரத்தில் அடிக்கடி வரும்.

பாரை முடிவு செய்வதில் நீளம்தான் முதன்மை. ஆண்களுக்கு 260 கெஜம் வரை பார் 3, 240 முதல் 490 வரை பார் 4, 450 முதல் 710 வரை பார் 5. பெண்களுக்கு 220 வரை, 200 முதல் 420, 370 முதல் 600. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதைக் கவனியுங்கள். 470 கெஜ ஹோல் மேடேறிப் போனால் பார் 5 ஆகவும், சரிவில் இறங்கினால் பார் 4 ஆகவும் வைத்துக்கொள்ள அது இடம் தருகிறது. 18 ஹோல் மைதானத்தில் வழக்கமாக பார் 3 நான்கு, பார் 4 பத்து, பார் 5 நான்கு இருக்கும், கூட்டினால் 72. பார் 70, 71 மைதானங்களும் நிறைய உண்டு.

பாரைவிட ஒன்று குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், மூன்று குறைந்தால் ஆல்பட்ராஸ். அமெரிக்க வர்ணனையாளர்கள் இந்த மூன்றாவதை டபுள் ஈகிள் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். நான்கு குறைந்தால் காண்டோர், அதை உங்கள் போட்டியில் எழுத வேண்டி வராது. ஒன்று கூடினால் போகி, பிறகு டபுள் போகி, டிரிபிள் போகி. அதற்கு மேல் போனால் யாரும் பெயர் தேடுவதில்லை, எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

ஒரே அடியில் போனால் ஹோல் இன் ஒன், அல்லது ஏஸ். பார் 3 ஹோலில் அது கணக்குப்படி ஈகிள், பார் 4 ஹோலில் ஆல்பட்ராஸ். ஆனால் ஆல்பட்ராஸ் எல்லாமே ஏஸ் இல்லை. பெரும்பாலானவை பார் 5 ஹோலில் இரண்டாவது அடி நேராகக் குழிக்குள் போவதால் வருபவை. 1935 மாஸ்டர்ஸ் கடைசிச் சுற்றில் ஜீன் சாரசென் 15ஆம் ஹோலில் 235 கெஜத்திலிருந்து 4 வுட் மட்டையால் அடித்த அடி அப்படித்தான் உள்ளே போனது. கிரெய்க் வுட்டை விட மூன்று அடி பின்தங்கியிருந்தவர் அந்த ஒரே அடியில் சமன் செய்தார், பிறகு 36 ஹோல் பிளே ஆஃபில் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டம்) வென்றார். கோல்ஃபில் ஒரே ஹோலில் மூன்று அடி மீட்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது போட்டி போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கார்டில் எண்ணைச் சுற்றி வட்டம் இருந்தால் பேர்டி, இரட்டை வட்டம் ஈகிள், சதுரம் போகி, இரட்டைச் சதுரம் டபுள் போகி. இது விதி கிடையாது, வழக்கம். நீங்கள் வாங்கும் கார்டில் எண் மட்டும் தெளிவாக இருந்தால் போதும். வட்டம் போடப் போய் 6, 8 போலத் தெரிகிற கார்டுகள்தான் தலைவலி.

நீலகிரிக்காற்று

டிவி பலகைக்கு டோக்கியோ ஒலிம்பிக்கையே எடுத்துக்கொள்ளலாம், நம்மில் பலர் கோல்ஃபை விடியற்காலையில் எழுந்து பார்த்தது அதற்காகத்தான். 2021 ஆகஸ்டில் கசுமிகசேகி மைதானத்தில் பெண்கள் போட்டி, பார் 71, நான்கு சுற்று. அதிதி அசோக் அடித்தது 67, 66, 68, 68. கூட்டினால் 269. நான்கு சுற்றுக்கு பார் 284. வித்தியாசம் 15, அதுதான் −15. தங்கம் வென்ற நெல்லி கோர்டா 267, அதாவது −17. மோனே இனாமியும் லிடியா கோவும் −16, வெள்ளி யாருக்கு என்று பிளே ஆஃப் ஆடினார்கள், இனாமிக்குக் கிடைத்தது. அதிதி ஒரே ஒரு அடியில் பதக்கத்தை விட்டு நான்காவது வந்தார்.

மொத்த அடிகளைக் காட்டாமல் பாரை ஒட்டிய வித்தியாசத்தைக் காட்டுவதற்குக் காரணம், ஒருவர் 18 ஹோலும் முடித்திருப்பார், இன்னொருவர் 11ஆம் ஹோலில் இருப்பார். 68ஐயும் 41ஐயும் ஒப்பிட முடியாது, −3ஐயும் −4ஐயும் ஒப்பிடலாம். ஆனால் −4 என்று இருப்பவருக்கு இன்னும் கடினமான ஹோல்கள் பாக்கி இருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே போட்டியின் இரண்டாம் சுற்றில் கோர்டா அன்றைய கணக்கில் −11 உடன் கடைசி ஹோலுக்கு வந்தார். பேர்டி அடித்தால் 59. விழுந்தது டபுள் போகி, சுற்று 62இல் முடிந்தது.

இ என்றால் பாருக்குச் சமம், கூடவும் இல்லை குறையவும் இல்லை. டி4 என்றால் நான்காம் இடத்தில் ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள். எஃப் என்றால் அன்றைய சுற்று முடிந்தது. ‘த்ரூ 14’ என்றால் 14 ஹோல் முடிந்திருக்கிறது, 14ஆம் ஹோலில் நிற்கிறார் என்று பொருள் இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அவர் 10ஆம் ஹோலில் தொடங்கியவர். சிவப்பு எண் பாருக்குக் கீழே, அதாவது நல்லது. மற்ற இடங்களில் சிவப்பு என்றால் நஷ்டம் என்று பழகிய கண்ணுக்கு இது முதலில் உறுத்தும்.

கணக்குப்புலி

கார்டு விஷயத்துக்கு வருகிறேன். ஹேண்டிகேப் என்பது ஆட்டக்காரரின் திறமையைப் பொறுத்து அவருக்குக் கழித்துக் கொடுக்கும் அடிகள். அந்த ஒரே சொல்லால் மூன்று தனித்தனி எண்களைச் சொல்கிறார்கள், குழப்பம் அங்கேதான்.

முதலாவது ஹேண்டிகேப் இன்டெக்ஸ், இங்கே 22.4. ஆட்டக்காரர் எந்த மைதானத்துக்குப் போனாலும் கூடவே போகும் எண். 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8இன் சராசரி அது, உச்சவரம்பு 54.0. சிறந்த எட்டை மட்டும் எடுப்பதால் அது அவருடைய சராசரி ஆட்டம் இல்லை, நன்றாக ஆடும் நாளின் ஆட்டம். இதை மறந்துவிட்டு ‘ஹேண்டிகேப்புக்கு ஏற்ற மாதிரி ஆடவே இல்லையே’ என்று வருத்தப்படுகிறவர்கள் அதிகம்.

இரண்டாவது கோர்ஸ் ஹேண்டிகேப். அதே ஆளுக்கு எளிய மைதானத்தில் குறைவாகவும் கடினமானதில் அதிகமாகவும் அடி கொடுக்க வேண்டுமே, அதற்கு. இன்டெக்ஸை ஸ்லோப்பால் (சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கூடுதல் கடினம் என்ற அளவு) பெருக்கி 113ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து (தேர்ந்த ஆட்டக்காரர் அங்கே எடுக்கக்கூடிய அடிகள்) பாரைக் கழித்து வருவதைச் சேர்க்க வேண்டும். 113 என்பது நடுத்தர மைதானத்தின் ஸ்லோப்.

22.4 × 125 ÷ 113 = 24.78
71.2 − 72 = −0.8
24.78 − 0.8 = 23.98, முழு எண்ணாக 24

மூன்றாவது பிளேயிங் ஹேண்டிகேப். தனிநபர் ஸ்ட்ரோக் பிளே (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்), ஸ்டேபிள்ஃபோர்டு (ஹோலுக்கு ஹோல் புள்ளி தரும் ஆட்டம்) போட்டிகளுக்கு 95 சதவீதம் கொடுப்பது பரிந்துரை. 23.98 × 0.95 = 22.78, முழு எண்ணாக 23. உங்கள் கார்டின் தலையில் இருப்பது இதுதான். நடுவில் 24 என்று முழுமையாக்கிவிட்டு அதைப் பெருக்காதீர்கள். இந்தக் கார்டில் விடை மாறாது, சில கார்டுகளில் ஒரு அடி மாறிவிடும்.

இனி அந்த 23 அடியை எந்த ஹோலில் கழிப்பது என்பதற்குத்தான் ஸ்ட்ரோக் இன்டெக்ஸ், அதாவது ஹோல்களின் கடின வரிசை. 18 ஹோலுக்கும் தலா ஒன்று போக மீதி 5. ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் 1 முதல் 5 வரை உள்ள ஹோல்களில் இரண்டு அடி, மற்றவற்றில் ஒரு அடி. ஆட்டம் தொடங்கும் முன்பே கார்டில் அந்தந்தக் கட்டத்தின் மூலையில் புள்ளி வைத்துவிட்டால் பிறகு தடுமாற வேண்டாம். எடுத்த அடி கிராஸ். அதிலிருந்து அந்த ஹோலில் கிடைக்கும் அடிகளைக் கழித்து வருவது நெட்.

ஸ்டேபிள்ஃபோர்டில் நெட் ஸ்கோர் பாருக்குச் சமமானால் 2 புள்ளி, நெட் போகிக்கு 1, அதைவிட மோசமானால் 0. நெட் பேர்டிக்கு 3, ஈகிளுக்கு 4, ஆல்பட்ராஸுக்கு 5. உங்கள் கார்டு:

ஹோல் 1: 5 − 1 = 4, நெட் பார், 2 புள்ளி
ஹோல் 2: 8 − 2 = 6, நெட் போகி, 1 புள்ளி
ஹோல் 3: 3 − 1 = 2, நெட் பேர்டி, 3 புள்ளி
ஹோல் 4: 9 − 2 = 7, பாரைவிட மூன்று கூட, 0
ஹோல் 5: 6 − 1 = 5, நெட் போகி, 1 புள்ளி

மொத்தம் 7. ஐந்து ஹோலுக்கு 10 எடுத்திருந்தால் தன் ஹேண்டிகேப்புக்குச் சரியாக ஆடினார் என்று பொருள், 18 ஹோலுக்கு அது 36. கவனியுங்கள்: நெட் அடிக் கணக்கில் இவர் 4 பின்னால் இருக்கிறார் (நெட் 24, பார் 20), புள்ளிக் கணக்கில் 3 மட்டும் பின்னால். நான்காம் ஹோலில் நேர்ந்த சேதம் பூஜ்யத்தோடு நின்றுவிடுகிறது. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற மருத்துவர் இந்த முறையை வகுத்ததே இதற்காகத்தான். இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் 1932இல் முதல் போட்டி நடந்தது. ஒரு கெட்ட ஹோலோடு அன்றைய ஆட்டமே வீணாகிவிடக் கூடாது என்ற அந்த எண்ணம் அலுவலகப் போட்டிகளுக்கு மிகவும் பொருந்தும்.

நடைமுறைப் பயன் இன்னொன்று: அதே ஹோலில் அவர் 7 அடி எடுத்தும் பந்து உள்ளே போகவில்லை என்றால், எட்டாவதில் போனாலும் புள்ளி கிடையாது. அங்கேயே பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஹோலுக்குப் போகலாம். இதைத் தொடங்கும்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், ஒரு சுற்றில் அரைமணி மிச்சமாகும்.

டிவியில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய அமெரிக்க பாரகூடா போட்டியின் புள்ளி முறை வேறு. அங்கே பேர்டிக்கு 2, ஈகிளுக்கு 5, பாருக்கு 0, போகிக்கு −1, டபுள் போகியோ மோசமோ −3. ஹேண்டிகேப் கிடையாது. அந்த அட்டவணையைப் பதிவிறக்கி உங்கள் போட்டிக்கு ஒட்டிவிடாதீர்கள்.

மார்க்கர்பென்சில்

கணக்குப்புலி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். போட்டி முடிவுக்கு 23, ஆனால் அந்தச் சுற்றை ஹேண்டிகேப்புக்காகப் பதிவு செய்யும்போது 24தான் கணக்கு, அதாவது 95 சதவீதம் குறைப்பதற்கு முந்தைய கோர்ஸ் ஹேண்டிகேப். அப்போது ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் 6 உள்ள ஹோலிலும் இரண்டு அடி கிடைக்கும்.

பதிவுக்கு ஒரு ஹோலில் ஏற்கும் உச்சம் நெட் டபுள் போகி: பார் + 2 + அந்த ஹோலில் கிடைக்கும் அடிகள். நான்காம் ஹோலில் 4 + 2 + 2 = 8. அவர் எடுத்த 9, பதிவில் 8 ஆகும். போட்டிக் கார்டில் 9ஐ அடித்துவிட்டு 8 என்று எழுதக் கூடாது, இரண்டும் தனித்தனி வேலை.

ஸ்டேபிள்ஃபோர்டில் ஆட்டக்காரர் கிராஸ் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும், புள்ளி போடுவது கமிட்டியின், அதாவது உங்கள் பொறுப்பு. அவர்கள் எழுதிய புள்ளியை நம்பாமல் கிராஸிலிருந்து நீங்களே போடுங்கள்.

மழைச்சாரல்

மிக்க நன்றி, கார்டு இப்போது நன்றாகப் புரிகிறது. இரண்டு சந்தேகம். வருபவர்களில் பாதிப் பேருக்கு ஹேண்டிகேப்பே கிடையாது, அவர்களை என்ன செய்வது? இறுதிச் சுற்றை இருவர் இருவராக ஆட வைக்கலாம் என்கிறார்கள், அங்கே ‘3 & 2’ என்று எழுதுகிறார்களே, அது என்ன?

நீலகிரிக்காற்று

ஹேண்டிகேப் இல்லாதவர்களுக்கு நிறுவனப் போட்டிகளில் புழங்குவது டபுள் பியோரியா. பன்னிரண்டு ஹோல்களை ரகசியமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், முன் ஒன்பதில் ஆறு, பின் ஒன்பதில் ஆறு, பன்னிரண்டின் பார் கூட்டுத்தொகை 48 வர வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு அந்தப் பன்னிரண்டில் ஒருவர் எடுத்த அடிகளைக் கூட்டி 1.5ஆல் பெருக்கி, 72ஐக் கழித்து, 0.8ஆல் பெருக்கினால் அன்றைக்கு மட்டும் அவருக்கான ஹேண்டிகேப்.

பன்னிரண்டு ஹோலில் 70 என்றால் 105, கழித்தால் 33, பெருக்கினால் 26.4. கிராஸ் 104 என்றால் நெட் 77.6.

ஹோல்களின் பட்டியலைத் தொடங்கும் முன்பே உறையில் போட்டு ஒட்டி, கடைசிக் கார்டு வந்த பிறகு எல்லோர் முன்னாலும் திறங்கள். ஒரு ஹோலுக்கு உச்சம் பாரின் இரு மடங்கு என்று வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் ரகசிய ஹோல் ஒன்றில் 14 எடுத்தவருக்கு அள்ளிக் கொடுக்க வேண்டி வரும். இதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு அதிகம், ஆகவே கிராஸில் முதலிடத்துக்குத் தனிப் பரிசு அவசியம் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஹேண்டிகேப் உள்ளவர்களையும் இவர்களையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள்.

பச்சைப்பரப்பு

‘3 & 2’ மேட்ச் பிளே முடிவு. அங்கே மொத்த அடிகளுக்கு வேலையே இல்லை. ஒவ்வொரு ஹோலும் தனி ஆட்டம், குறைந்த அடியில் முடித்தவர் அந்த ஹோலை வெல்கிறார். 4க்கு 5 என்று வென்றாலும் 4க்கு 9 என்று வென்றாலும் ஒரு ஹோல்தான். முன்னிலை மீதமுள்ள ஹோல்களை விட அதிகமானதும் ஆட்டம் முடிந்தது. 3 ஹோல் முன்னிலை, 2 ஹோல் பாக்கி என்பதுதான் 3 & 2. கடைசி ஹோல் வரை போய் முடிந்தால் ‘1 அப்’ அல்லது ‘2 அப்’. 18 ஹோலில் இதன் உச்சம் 10 & 8. 9 & 9 வராது, ஒன்பது முன்னிலையும் ஒன்பது பாக்கியும் என்றால் எதிராளிக்குச் சமன் செய்ய இன்னும் வழி இருக்கிறது. முன்னிலையும் பாக்கியும் இப்படிச் சமமாக நிற்கும் நிலைக்கு டார்மி என்று பெயர்.

முக்கியமான வேறுபாடு: மேட்ச் பிளேயில் எதிராளியின் சிறிய பட்டை ‘போதும், எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுக்கொடுக்கலாம், அது விதிக்கு உட்பட்டது. ஸ்ட்ரோக் பிளேயில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது, அரை அடி தூரமானாலும் பந்து குழிக்குள் போக வேண்டும். முடிக்காமல் அடுத்த ஹோலின் டீயில் (ஹோலைத் தொடங்கும் இடம்) அடித்துவிட்டால் தகுதி நீக்கம். ஸ்டேபிள்ஃபோர்டில் மட்டும் தகுதி நீக்கம் இல்லை, அந்த ஹோலுக்கு 0 புள்ளி. நண்பர்களுக்குள் ஆடும்போது விட்டுக்கொடுத்தே பழகியவர்கள் போட்டியிலும் பந்தை எடுத்துவிடுவார்கள், முன்கூட்டியே எச்சரியுங்கள்.

மார்க்கர்பென்சில்

அபராத அடிகள் பாக்கி இருக்கிறது. எண்ணிக்கை தப்புவது பெரும்பாலும் இங்கேதான்.

பந்து மைதான எல்லையைக் காட்டும் வெள்ளைக் கம்பத்துக்கு வெளியே போனால், அல்லது தேடத் தொடங்கி 3 நிமிடத்தில் கிடைக்கவில்லை என்றால், ஒரு அடி அபராதத்தோடு முன்பு அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். டீயில் அடித்தது 1, அபராதம் 2, மறுபடி டீயிலிருந்து அடிப்பது 3. ‘திரும்ப அடித்தேன், அதனால் இரண்டாவது அடி’ என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. தேடுவது 2019க்கு முன் 5 நிமிடமாக இருந்தது, பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் அதையே சொல்வார்கள்.

பந்து கிடைக்காது போலத் தோன்றினால், தேடப் போவதற்கு முன்பே இன்னொரு பந்தை அடித்து வைக்கலாம். ஆனால் அடிக்கும் முன் ‘புரொவிஷனல்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அடித்தால் அந்தப் பந்துதான் ஆட்டத்தில் இருக்கும் பந்து, முதல் பந்து கைக்குக் கிடைத்தாலும் பயன் இல்லை.

திரும்பி நடப்பதைத் தவிர்க்கக் கமிட்டி ஒரு உள்ளூர் விதியை அமலாக்கலாம்: இரண்டு அடி அபராதம், பந்து போன இடத்துக்கு நேராக ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவில் வெட்டிய புல்வெளி) ஓரத்தில் டிராப், அதாவது பந்தைக் கையால் கீழே போடுவது. டீ அடி வெளியே போயிருந்தால் அங்கிருந்து அடிப்பது 4ஆவது. அலுவலகப் போட்டிக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன், இல்லாவிட்டால் பின்னால் வரும் குழுக்கள் தேங்கி நிற்கும். இந்த விதி இருக்கிறதா இல்லையா என்பதைக் கார்டிலேயே அச்சிடுங்கள்.

தண்ணீர் போன்ற சிவப்பு, மஞ்சள் கம்பப் பகுதிகளில் விழுந்தால் ஒரு அடி அபராதம். டீ அடி உள்ளே விழுந்தது 1, அபராதம் 2, டிராப் செய்து அடிப்பது 3. சிவப்பில் மட்டும், பந்து எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள் பக்கவாட்டில் டிராப் செய்யும் வசதி உண்டு. மஞ்சளில் பின்னால்தான் போக வேண்டும். பந்து அடிக்க முடிகிற நிலையில் கிடந்தால் உள்ளே நின்று அபராதம் இல்லாமலே அடிக்கலாம்.

அடிக்க வேண்டும் என்று வீசி மட்டை பந்தைத் தொடாமலே போனாலும் அது ஒரு அடி. மாறாக, டீயில் நிற்கும்போது தெரியாமல் தட்டிப் பந்து கீழே விழுந்தால் அடியும் இல்லை, அபராதமும் இல்லை, எடுத்து வைத்துக்கொள்ளலாம். பங்கரில் (மணல் குழி) அடிப்பதற்கு முன் பந்துக்கு முன்னால் அல்லது பின்னால் உள்ள மணலை மட்டையால் தொட்டால் 2 அடி. அடுத்தவர் பந்தை அடித்துவிட்டால் 2 அடி. அந்தப் பந்தை அடித்த அடிகள் கணக்கில் வராது, திரும்பி வந்து தன் பந்தை அடிக்க வேண்டும். பையில் 14க்கு மேல் மட்டை இருந்தால் மீறிய ஒவ்வொரு ஹோலுக்கும் 2, சுற்றுக்கு அதிகபட்சம் 4.

கிரீனிலிருந்து பட் செய்த பந்து குழியில் நிற்கும் கொடிக்கம்பத்தில் பட்டால் இப்போது அபராதம் இல்லை. இதுவும் 2019இல் மாறியது.

கணக்குப்புலி

கார்டு வாங்கும் இடத்தில் என்ன பார்ப்பது என்பதை யாரும் சொல்லவில்லை.

ஒருவருடைய கார்டை இன்னொருவர் எழுதுவார், அவர்தான் மார்க்கர். முடிந்ததும் இருவரும் ஹோல் ஹோலாக ஒப்பிட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு ஹோலின் எண்ணுக்கும் ஆட்டக்காரர் பொறுப்பு. கூட்டுத்தொகைக்குப் பொறுப்பில்லை, அது உங்கள் வேலை. ஒரு ஹோலில் எடுத்ததை விடக் குறைவாக எழுதி ஒப்படைத்தால் தகுதி நீக்கம். கூடுதலாக எழுதியிருந்தால் அந்தக் கூடுதல் எண்ணே நிற்கும். அபராதம் விழுந்தது தெரியாமலே சேர்க்காமல் விட்டிருந்தால் மட்டும் தகுதி நீக்கம் இல்லாமல் அந்த அபராதம் சேர்க்கப்படும்.

1968 மாஸ்டர்ஸில் அர்ஜென்டினாவின் ரொபர்ட்டோ டி விசென்சோ கடைசி நாள் 17ஆம் ஹோலில் பேர்டி 3 எடுத்தார். மார்க்கர் டாமி ஆரன் 4 என்று எழுதினார். விசென்சோ சரிபார்க்காமல் கையெழுத்திட்டார். 65 ஆக வேண்டிய சுற்று 66 ஆக நின்றது, பாப் கோல்பியோடு ஆட வேண்டிய பிளே ஆஃப் கைநழுவி, கோல்பி ஒரு அடியில் வென்றார். டிவியில் பலர் பார்த்த பேர்டியையும் கையெழுத்து விழுந்த பிறகு மீட்க முடியவில்லை. ஆகவே கார்டு தரும் மேசையில் இரண்டு நாற்காலி போட்டு, ஆட்டக்காரரையும் மார்க்கரையும் உட்கார வைத்து, எண்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கையைவிட்டுப் போகும் முன் திருத்தலாம்.

சமநிலை வந்தால் என்ன முறை என்பதை ஆட்டத்துக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் போட்டுவிடுங்கள். வழக்கமான முறை கவுண்ட்பேக்: 10 முதல் 18 வரை யாருக்கு அதிகப் புள்ளி, அதுவும் சமமானால் 13 முதல் 18, பிறகு 16 முதல் 18, கடைசியில் 18ஆம் ஹோல் மட்டும். எல்லாக் குழுவும் வெவ்வேறு ஹோலில் ஒரே நேரத்தில் தொடங்கியிருந்தாலும், அவரவர் கடைசியாக ஆடிய ஒன்பதை எடுக்காமல் எல்லோருக்கும் இதே 10 முதல் 18ஐயே எடுங்கள்.